ஆளுக்குப் பாதி மாத்திரை

எலிதான் எங்கேயோ செத்துக் கிடக்கிறது என்று கோமளா முடிவு கட்டிவிட்டாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தாயிற்று. கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவியாயிற்று. செருப்பு ஸ்டாண்டைக்கூடப் புரட்டிப் பார்த்தாயிற்று. எலியும் இல்லை, எலி வாலும் இல்லை. ஆனால் கூடத்தில் ஃபேனைப் போட்டால் போதும், அந்த வாடை குப்பென்று வந்து மூக்கில் ஏறுகிறது.

நேற்று மதியம் வரை இந்த வீட்டில் அப்படி ஒரு வாடை கிடையாது. நேற்று மதியம் இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தது அவள் தம்பி ராமன் மட்டும்தான். ஆனால் தம்பி வந்த சந்தோஷத்தில் இருக்கும் அக்காவுக்கு இப்படியெல்லாமா கணக்குப் போடத் தோன்றும்?

திருமுல்லைவாயிலில் இருக்கும் இந்த வீட்டில் ஆறு மாதமாகவே ஒரு கூத்து நடக்கிறது. கோமளாவின் கணவர் வேலுசாமி பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, பிறகு ஆவடியில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி வேலையும் பார்த்து முடித்தவர். மாதம் தவறாமல் முன்னாள் ராணுவத்தினருக்கான கிளினிக்குக்குப் போகிறார். மாத்திரை வாங்கி வருகிறார். வேளை தவறாமல் போடுகிறார். அப்படியும் சர்க்கரை இறங்குவேனா என்கிறது. டாக்டரும் விடாமல் மாத்திரையின் பவரைக் கூட்டிக்கொண்டே போகிறார்.

பழி யார் தலையில் விழும்? சமைக்கிறவள் தலையில்தான். வானகரத்தில் குடியிருக்கும் மருமகள் கார்த்திகா தினமும் போனில், "அத்தை, மாமாவுக்கு இன்னிக்கு என்ன குடுத்தீங்க?" என்று போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறாள். கோமளாவுக்கோ புருஷன் மேல் சந்தேகம். டீக்கடையில் உட்கார்ந்து போண்டாவும் ஜிலேபியுமாக வெளுத்துக் கட்டுகிறார் என்று நினைத்து, போன வாரம் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். மனுஷர் சர்க்கரை போடாத கறுப்புக் காபியை வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விளங்காமல் திரும்பி வந்தவள்தான், இன்னும் விளங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான், மாதம் ஒரு தடவை அக்காவைப் பார்க்க வரும் ராமன் வழக்கம்போல வந்து இறங்கினான்.

ராமனும் பட்டாளத்துக்காரன்தான். வேலுசாமியின் அதே ரெஜிமெண்ட், அதே செக்‌ஷன். தன் செக்‌ஷன் கமாண்டரையே அக்காவுக்கு மாப்பிள்ளையாகப் பிடித்துக் கொண்டு வந்த கெட்டிக்காரன். ஓய்வு பெற்றதும் வேலுசாமி ஆவடிப் பக்கம் தங்கிவிட்டார். ராமன் குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் கொல்லமேட்டுக்கே போய்விட்டான். அங்கே பட்டாளத்தில் சேர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறான். ஐம்பத்தாறு வயது. தொப்பை கிடையாது. முதுகு இன்னும் பரேடு முதுகு.

இன்று காலையும் விடியும்போதே எழுந்து ஏரிக்கரையைச் சுற்றி ஓடிவிட்டு வந்தான். கூடவே நடக்கப் போன வேலுசாமி பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு பேரும் தெருவில் திரும்பும்போது எதிர்வீட்டு சுசீலா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள்.

"கோமளாக்கா, உங்க தம்பியைப் பாருங்க, இருபது வயசுப் பையன் மாதிரி வர்றாரு. அண்ணனுக்கு மூச்சு வாங்குது. எல்லாம் ஊர்க் காத்துக்கா! இங்க நாம புகையைத் தின்னுகினு கீறோம்."

வேலுசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஆள் அவர். மாதாமாதம் ரத்தம், சிறுநீர், கண், கால் என்று ஒன்று விடாமல் காட்டுகிற ஆள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி மச்சானோடு ஒப்பிட்டால் வலிக்காதா?

"காத்தாவது, கத்தரிக்காயாவது" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

ராமன் பின்னாலேயே வந்தான். வாசலில் ஷூவைக் கழற்றினான். சாக்ஸைக் கழற்றவில்லை. அப்படியே கூடத்தில் நடந்து போய் உட்கார்ந்தான்.

"ஏன்டா, அக்னி நட்சத்திரத்துல சாக்ஸோட இருக்கே? நேத்து ராத்திரி படுக்கும்போதும் அதோடதான் படுத்தே" என்றாள் கோமளா.

"டைல்ஸ் ஜில்லுனு கீதுக்கா. எனக்கு ஒத்துக்கல."

ஜில்லென்று இருக்கிறதாம்! மே மாதத்தில், அதுவும் இந்த ஊரில்! வெறுங்காலோடு கரட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவனுக்கு டைல்ஸ் ஒத்துக்கொள்ளவில்லையாம். கோமளா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றப் போனாள். திரும்பி வந்தபோது அவன் நடந்த இடத்தில் டைல்ஸ் மேல் ஈரமாக, மங்கலாக ஒரு கறை. சேற்றை மிதித்திருப்பான் என்று துணியால் துடைத்தாள். துணியை மூக்கருகே கொண்டு போனதும் அதே எலி வாடை.

அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. தாம்பூலத்துக்குப் பாக்கு சீவ வேண்டும், பாக்குவெட்டியைக் காணோம் என்கிற கவலையில் இருந்தாள்.

பாக்குவெட்டி கொஞ்ச நாளாகவே அவளுக்கு ஆட்டம் காட்டுகிறது. ஒரு நாள் காணாமல் போகும். மறுநாள் தானாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அலகில் வெள்ளையாக ஏதோ மாவு ஒட்டியிருக்கும். கோலமாவு என்று அவளே துடைத்து வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் பொருள்கள்கூட ஒழுங்காக இருப்பதில்லை என்று அலுத்துக்கொண்டு, தேடிப்பார்க்க மாடி அறைக்கு ஏறினாள்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே 'டக்... டக்' என்று சத்தம்.

தள்ளித் திறந்தாள். தரையில் பேப்பரை விரித்து மச்சானும் மாமனும் சம்மணம் போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வேலுசாமி கையில் அவளுடைய பாக்குவெட்டி. அலகுகளுக்கு நடுவில் ஒரு மாத்திரை. பேப்பரில் இடது பக்கம் பாதி மாத்திரைகள் ஒரு குவியல், வலது பக்கம் பாதி மாத்திரைகள் ஒரு குவியல். ராமன் தன் குவியலை ஒரு பிளாஸ்டிக் பையில் பதமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

சீட்டுக்கட்டோடு பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கிழவன்களும் விழித்தார்கள்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல கோமு, சும்மா..."

"சும்மா எவனாவது மாத்திரையைப் பாக்குவெட்டில வெட்டுவானா? டேய் ராமா, நீ சொல்லு. இது மாமா சுகர் மாத்திரைதானே? உனக்கு எதுக்கு?"

ராமன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"போன வருசம் ஊர்ல மெடிக்கல் கேம்ப் போட்டாங்கக்கா. எனக்கும் சுகர்னு சொல்லிட்டாங்க."

கோமளா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்குச் சர்க்கரை. ஒரு வருடமாக. அக்காவுக்குத் தெரியாது.

"கிளினிக்குக்குப் போகலாம்ல? உனக்கும்தான் கார்டு இருக்கே!"

"போனேனே. ரெண்டு பஸ்ஸு மாறணும். விடிகாலையில கெளம்பினா பொழுது சாய்ஞ்சுதான் ஊடு. ஒரு தபா போனா ரத்தம் குடுன்னாங்க. அடுத்த தபா ரிசல்ட்டு. அதுக்கடுத்த தபா போனா, டாக்டர் மீட்டிங் போய்ட்டாருன்னாங்க. உனக்கின்னாக்கா, ஆட்டோல குந்தினா இருமறதுக்குள்ள ஆவடி."

"நான்தான் போக வேணாம்னேன்" என்றார் வேலுசாமி, குறுக்கே விழுந்து. "எனக்கும் சுகர், அவனுக்கும் சுகர். எனக்கு இங்க மாசாமாசம் கைல குடுக்கிறான். ஆளுக்குப் பாதின்னு வெச்சுக்கிட்டோம். மலை மேல இருந்தப்போ பனி கொட்டி ரேஷன் வராது. ஒரு ரொட்டிதான் இருக்கும். அதையே ஆளுக்குப் பாதி தின்னுட்டு நிக்கலியா? செத்தா போயிட்டோம்?"

"ரொட்டியும் மாத்திரையும் ஒண்ணாங்க?"



ஆறு மாதம்! ஆறு மாதமாக வெந்தயம், பாகற்காய், சாமை, தினை என்று அவள் அடுப்படியில் வெந்தது எதற்கு? மருமகளிடம் திருடி மாதிரி பதில் சொல்லி நின்றது எதற்கு? புருஷன் மேல் கோபப்படுவதா, தம்பிக்காகத் தன் மருந்தில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாரே என்று கும்பிடுவதா என்றே அவளுக்குப் புரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்ததில் அழுகைதான் வந்தது.

"பார்வதத்துக்குத் தெரியுமா?" என்று தம்பி பெண்டாட்டியைக் கேட்டாள்.

"அவகிட்ட சொல்லாதக்கா. கொஞ்சமா இருந்துச்சு, ஓடியே சரி பண்ணிட்டேன்னு சொல்லி வெச்சிகீறேன். ஊர்ல தெரிஞ்சா பசங்க எவனும் கிரவுண்டுக்கு வர மாட்டான். சீக்கு புடிச்சவன் இன்னாத்த ஓட்டப் பயிற்சி குடுக்கிறதுன்னு பேசுவாங்க."

பட்டாளத்தில் உடம்பு முடியவில்லை என்று போய் நிற்பவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று வேலுசாமி கதை கதையாய்ச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன் என்று பெயராகிவிடும். அந்தப் புத்தி வீடு வந்து இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு பேரும் கீழ வாங்க."

கீழே வந்தார்கள். இட்லித் தட்டை வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். வேலுசாமி ரோஷத்தில் ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார்.

"அங்கயே நில்லுங்க. நீயும் பக்கத்துல நில்லுடா. காட்டுல மலேரியா வராம இருக்க வரிசையா நிக்க வெச்சு மாத்திரை குடுப்பீங்களாமே? முழுங்கிட்டானான்னு வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்ப்பீங்களாமே? இன்னிக்கு அந்தப் பரேடு என் வீட்ல."

வெட்டாத மாத்திரைகளை எடுத்தாள். புருஷனுக்கு ஒரு முழு மாத்திரை, தம்பிக்கு ஒரு முழு மாத்திரை.

"கோமு, முழுசா வேணாம். பாதியே பழகிப்போச்சு."

"வாயைத் திறங்க!"

எத்தனை பேரை அதட்டியவர் அந்த அவில்தார்! வாயைத் திறந்தார். விழுங்கினார். நாக்கைத் தூக்கியும் காட்டினார்.

ராமன் முறை வந்தது. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடி போடறதாக்கா, பின்னாடி போடறதா?"

ஆறு மாதமாக மாத்திரை போடுகிறவன் கேட்கிற கேள்வியா இது? கோமளாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த நேரத்தில் எத்தனை குழப்பத்தைத்தான் ஒருத்தி சுமப்பாள்? "பேசாம முழுங்கு" என்று தண்ணீரை நீட்டினாள். மாடியிலிருந்து எடுத்து வந்த பாதி மாத்திரைப் பையைப் பிடுங்கித் தன் கைப்பையில் திணித்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அவள் பார்வை அவன் காலுக்குப் போனது. சாக்ஸின் பெருவிரல் பக்கம் மறுபடியும் ஈரம்.

"கழட்டு."

"வேணாங்க்கா."

"கழட்டுடா!"

அவன் கழற்றவில்லை. அவளே மண்டியிட்டு உட்கார்ந்து உருவினாள். வாடை முகத்தில் அடித்தது. எலி இருந்த இடம் தெரிந்துவிட்டது.

வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு குழி. சுற்றிலும் கறுத்துப் போயிருந்தது. பக்கத்து விரலும் நீலம் பாரித்திருந்தது. குழிக்குள் கறுப்பாகக் கட்டைபோல் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வேலுசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கோமு... முள்ளு. சீமைக் கருவேல முள்ளு, உள்ளயே ஒடிஞ்சு நிக்குது."

"எப்போடா குத்திச்சு?"

"தெரியலியேக்கா" என்றான் ராமன். அவன் முகத்தில் பொய்யே இல்லை. "வலிச்சாதானே தெரியும்? சத்தியமா வலிக்கவே இல்ல. அதான் ஓடிகினே இருந்தேன்."

சுசீலா மெச்சிய ஓட்டம் இந்தக் காலை வைத்துத்தான் ஓடியிருக்கிறான்.

"என் காலை மாசாமாசம் கிளினிக்ல ஊசியால குத்திப் பார்ப்பாங்க, உணர்ச்சி இருக்கான்னு" என்றார் வேலுசாமி. "நாம என்ன குழந்தையான்னு திட்டிக்கிட்டே காட்டுவேன்."

கோமளா யூசுப்புக்குப் போன் போட்டாள். தெருமுனை ஆட்டோக்காரர். கூப்பிட்ட மூச்சுக்கு வந்து நின்றார். ராமனின் காலைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னாம்மா இது, இம்மாம் பெருசா வுட்டுகினு கீறாரு! அண்ணாத்தே, நீ குந்து. காலைக் கீழ ஊணாத. அம்பத்தூர்ல நம்ம டாக்டரம்மா கீறாங்க, சபீனான்னு. காலு, சுகரு ரெண்டுத்துக்கும் அவங்கதான். எங்க அத்தா காலைக் காப்பாத்திக் குடுத்தவங்க."

மில்ட்ரி ரோடெல்லாம் வெயில் கொளுத்தியது. ராமன் வழி நெடுக, "எதுக்குக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம், ஃபிட்டாதான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வேலுசாமி மச்சானின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, துண்டால் விசிறிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். நேரம் மதியத்தைத் தாண்டியது. ராமனை உள்ளே அழைத்துப் போனார்கள். புருஷனும் பெண்டாட்டியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஏங்க, கேன்டீன்ல எதுனா சாப்பிட்டு வாங்க."

"அவன் வெளிய வரட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து வேலுசாமி தானாக ஏதோ பேச ஆரம்பித்தார். இந்தி. யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுகிறார். கோமளா திரும்பிப் பார்த்தாள். காலையில் வாயைத் திறக்கச் சொன்ன கோபம் இன்னும் தீரவில்லை, வேண்டுமென்றே குத்திக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தாள்.

"போதும், நாலு பேர் பார்க்கிறாங்க. வீட்டுக்குப் போய்த் திட்டுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் யார் என்றே தெரியாத பார்வை. நெற்றியில் வியர்வை சரம் சரமாக இறங்கியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கை கிடுகிடுவென்று ஆடியது.

"என்னங்க? ஏங்க! நெஞ்சு வலிக்குதா? ஐயோ, யாராவது வாங்களேன்!"

வேலுசாமி அப்படியே அவள் தோளில் சரிந்தார்.

நர்ஸுகள் ஓடி வந்தார்கள். டாக்டர் சபீனாவும் உள்ளேயிருந்து ஓடி வந்தார். சின்ன வயது. குரல் மட்டும் கறார். விரலில் குத்திப் பார்த்தார். "குளுக்கோஸ் எடுங்க, சீக்கிரம்" என்று கத்தினார். கோமளாவுக்குக் காதில் விழுந்தது மூளைக்கு எட்டவில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்குக் குளுக்கோஸா? இவர்களுக்கு என்ன பைத்தியமா?

"அம்மா, இவருக்கு ஹார்ட் பிரச்சினை ஏதாவது இருக்கா? சுகர் இருக்கா? இன்னிக்குக் காலைல என்ன மாத்திரை போட்டாரு?"

"முழு மாத்திரை போட்டாரும்மா."

"தினமும் போடறதுதானே?"

கோமளா தயங்கினாள். சொன்னால் தம்பிக்காக மருந்தைப் பங்கு போட்ட கதை வெளியே வரும். கிளினிக் கார்டுக்கு என்ன ஆகுமோ, புருஷன் பெயருக்கு என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால்? பெஞ்சில் கிடக்கிற மனுஷனைப் பார்த்தாள். உடைந்துவிட்டாள்.

"பாதிதாம்மா போட்டிருக்காரு இத்தனை நாளா. மீதிப் பாதியை என் தம்பிக்குக் குடுத்துட்டாரு. உள்ள இருக்கானே, அவனுக்கு. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கோபத்துல நான்தாம்மா முழுசா முழுங்க வெச்சேன். நானே என் கையால குடுத்தேன்..."

டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார்.

"பாதி மாத்திரைக்குச் சுகர் இறங்கல. அதைப் பார்த்த டாக்டர் பவரைக் கூட்டிட்டே போயிருக்கார், இவர் முழுசாப் போடறார்னு நினைச்சு. கூட்டின பவரை இன்னிக்கு முழுசா உள்ள தள்ளியாச்சு. சாப்பாடும் சரியாப் போகல. சுகர் தரைக்கு இறங்கிடுச்சும்மா."

"நான் நல்லதுதானேம்மா செஞ்சேன்?"

"எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். குரலில் கறார் குறைந்திருந்தது. கோமளாவின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அரைத் தூக்கத்திலிருந்து எழுகிறவர் மாதிரி வேலுசாமி கண்ணைத் திறந்தார். கட்டில், பாட்டில், பெண்டாட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மச்சானுக்கு என்ன ஆச்சு?" என்றார் முதல் வார்த்தையாக.

கோமளாவுக்கு அதைக் கேட்டு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "முதல்ல உங்களைப் பாருங்க" என்று திட்டிக்கொண்டே அவர் நெற்றியைத் துடைத்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

இந்த உலகத்தில் எதை நம்புவது? மூச்சு வாங்குகிறவர், ஸ்டென்ட் வைத்தவர், தெருவே பரிதாபப்படுகிறவர், ஒரு பாட்டில் குளுக்கோஸில் எழுந்து பேசுகிறார். தெருவே மெச்சிய ஓட்டக்காரன் உள்ளே கிடக்கிறான். ஊர்க் காற்றாம்!

டாக்டர் மறுபடி வந்தார். இந்த முறை கோமளாவைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க தம்பி ரிப்போர்ட் வந்துடுச்சு. சுகர் எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. புண்ணு எலும்பு வரைக்கும் போயிருக்கு. ரெண்டு விரலை எடுத்துத்தான் ஆகணும். அதுக்கு மேல எந்த இடத்துல நிறுத்த முடியும்னு சாயங்காலம் சர்ஜன் வந்து பார்த்துத்தான் சொல்லுவார்."

ஓடியே சோறு தின்றவன். பிள்ளைகளை ஓட வைக்கிறவன்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலம்மா" என்றார் டாக்டர். "உங்க வீட்டுக்காரர் பாதி மாத்திரைலயே ஆறு மாசம் ஓட்டியிருக்கார். சுகர் கூடுதல்தான், ஆனா கைமீறிப் போகல. அதே பாதி மாத்திரைதானே உங்க தம்பியும் போட்டிருக்கார்? இவருக்கு ஏன் மருந்தே தொடாத ஆள் மாதிரி இருக்கு?"

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். 'ஐ ஆம் ஃபிட் மேடம்'ங்கிறார். வேற வார்த்தையே வரல."

டாக்டர் போய்விட்டார். கோமளாவின் மனதில் காலையில் சுருக்கென்று குத்திய அந்தக் கேள்வி திரும்ப வந்து நின்றது. 'முன்னாடி போடறதாக்கா, பின்னாடி போடறதா?'

கைப்பையில் போன் அடித்தது. எடுத்தாள். கொல்லமேட்டிலிருந்து தம்பி பெண்டாட்டி பார்வதம்.

"அண்ணி, நல்லாக்கீறீங்களா? இவரு போனை எடுக்கவே மாட்றாரு. இன்னிக்குப் பஸ் ஏறிடுவாரா?"

விரலைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது? முதலில் சர்க்கரை இன்னும் இருக்கிறது என்றே இவளுக்குத் தெரியாதே. தம்பி சொல்லாதே என்று கெஞ்சியிருக்கிறானே.

"பார்வதம்... அவன் ஊர்ல மாத்திரை ஏதாவது போடறானா? மாமா இங்கருந்து குடுத்து அனுப்புவாரே, பாதி பாதியா உடைச்சது?"

"அதுவா? அதை இவரு எதுக்கு அண்ணி போடறாரு? இவரு கல்லு மாதிரி கீறாரு. அது ஊர்க்காரங்களுதாச்சே. மாமா எல்லாருக்கும் வாங்கி அனுப்பறாருன்னு சொன்னாரே! மாசாமாசம் வந்ததும் சட்டையைக்கூட மாத்த மாட்டாரு. பையை எடுத்துகினு வீடு வீடாப் போயிடுவாரு. நம்ம சுபேதார் தாத்தா, அப்புறம் கண்ணு மங்கிப் போச்சே அந்த லான்ஸ் நாயக் அண்ணன், எல்லாருக்கும் ஒவ்வொரு வாரத்துக்குப் பிரிச்சுக் குடுத்துட்டுத்தான் ஊட்டுக்கே வருவாரு. அவங்களால எல்லாம் ரெண்டு பஸ் மாறிப் போக முடியுதா, சொல்லுங்க?"

கோமளா மெல்லக் கைப்பையைத் திறந்தாள். காலையில் தம்பியிடமிருந்து பிடுங்கிய பிளாஸ்டிக் பை உள்ளே இருந்தது. வெட்டிய மாத்திரைகள், ஓரம் உதிர்ந்து, மாவு படிந்து.

கதவுக்கு அந்தப் பக்கம் ராமனின் குரல் கேட்டது. "நடந்தே வர்றேன் சிஸ்டர், வீல் சேர் எதுக்கு?" என்று யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, லைன்ல கீறீங்களா?" என்றாள் பார்வதம். "நம்ம நாகம்மாள் காலையிலேர்ந்து வாசல்லயே குந்திகினு கீறாங்க. அவங்க வீட்டுக்காரரு சண்டையில போய்ச் சேர்ந்தவரு, பாவம், கேட்க ஆளு இல்ல. குடுத்த ஒரு வாரத்து மாத்திரை எப்பவோ தீந்துபோச்சாம். கால் வேற மரத்துப் போவுதுன்றாங்க. 'ராமன் எப்போ வருவான், கேட்டுச் சொல்லு'ன்னு கையைப் புடிச்சுகினு வுட மாட்றாங்க. நான் இன்னா சொல்லட்டும் அண்ணி?"